நட்சத்திர டயரும் மீன் தண்ணீரும்

காலை ஆறு பத்துக்கு ஏலக் கொட்டகையின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தபோது முதலில் என் கண்ணில் பட்டவை நான்கு டயர்கள். சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கம்பெனிப் பெயரும் அளவும் அச்சாகியிருக்கும் பக்கவாட்டுப் பகுதி முழுக்க ஈரச் சுண்ணாம்பு பூசியிருந்தது. எது எந்தக் கம்பெனி என்று பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியவில்லை. பூசியவர் என் அண்ணி. அவருடைய விரல்களில் வெள்ளை இன்னும் காயவில்லை.

"கிட்டப் போகாதீங்க தம்பி, வேட்டியில ஒட்டிக்கும்" என்றார்.

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கோட்டைப்பட்டினம் துறையில் கட்டிக் கிடந்தன. படகு போகாவிட்டால் மீன் லோடு வண்டிகளுக்கும் வேலை இல்லை. நாட்டுப்படகுக்காரர்கள் கரையை ஒட்டிப் போய்க் கொண்டுவருவதை ஏற்ற இரண்டு வண்டிகள் போதும். மற்றவர்கள் வண்டிக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பாடியில் துருவைச் சுரண்டுவார்கள், இல்லாவிட்டால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வருடம் அவர்களுக்கு வேறு ஒரு வேலை இருந்தது. ஒரு டயரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். டயர் மோசமானது என்று தெரிந்தால் அண்ணிக்கு ஸ்டாண்டு வரிசையில் அவருடைய மூன்றாவது இடம் நிலைக்கும். டயர் நல்லது என்று தெரிந்தால் அவர் கடைசிக்குப் போக வேண்டும்.

வரிசை என்பதைச் சொல்லிவிடுகிறேன். துறையில் பதினொரு குட்டி லோடு வண்டிகள் நிற்கின்றன. படகு கரைக்கு வந்து ஏலம் முடிந்ததும் முதல் லோடு முதல் வண்டிக்கு, அடுத்தது இரண்டாவது வண்டிக்கு. முதலில் ஏலம் போவது இறாலும் நண்டும். அவை கம்பெனிக்குப் போகிறவை. சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும், கெட்டுப்போகும் பேச்சு இல்லை. வரிசையில் பின்னால் போகப் போக மீன் சிறுக்கும், காத்திருப்பு நீளும். கடைசி வண்டிக்குக் காரப்பொடி என்கிற மலிவான பொடி மீனோ கோழித்தீவனத்துக்குப் போகும் கழிவு மீனோதான். யாராவது வண்டியை விற்றுவிட்டுப் போனால் பின்னால் இருப்பவர் ஓர் இடம் முன்னேறலாம். முன்னேற வேறு வழி கிடையாது.

அண்ணன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அண்ணி தொடக்கத்தில் வாடகை வண்டியில் லோடுக்குக் காவலாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவர். ஓட்டுபவர் கால் எப்போது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன் என்று ஒரு முறை சொன்னார். பிறகு லைசென்ஸ் எடுத்தார், பழைய வண்டி ஒன்றை வாங்கினார், பதினோராவதாக நின்றார். அங்கிருந்து மூன்றாவது இடத்துக்கு வர அவருக்குப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்த ஸ்டாண்டில் அவர் ஒருவர்தான் பெண். அதைப் பற்றி அவரும் பேசி நான் கேட்டதில்லை, மற்றவர்களும் பேசிக் கேட்டதில்லை. வரிசையைப் பற்றி மட்டும் எல்லோரும் நாள் முழுக்கப் பேசுவார்கள்.

எங்கும் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. லோடைக் கவிழ்த்தவர் பிழையால் கவிழ்ந்தது என்றால் அவர் கடைசிக்குப் போக வேண்டும். வண்டிப் பழுதால் கவிழ்ந்தது என்றால் இடம் அப்படியே இருக்கும். பழுது எவருக்கும் வரும் என்பது அவர்கள் கணக்கு.

பங்குனியில் ஒரு நாள் திடீர்க் கோடை மழை பெய்து விட்டிருந்தது. அறந்தாங்கிப் போகும் ரோட்டில், வலது பக்கம் திரும்பும் ஒரு வளைவில், அண்ணி பிரேக் மிதித்ததும் வண்டியின் பின்பக்கம் இடது புறமாக இழுத்துக்கொண்டு போனது. வண்டி சுற்றிக்கொண்டு கருவேலஞ்செடிகளுக்குள் சாய்ந்தது. முழங்கையில் சிராய்ப்பைத் தவிர அவருக்கு ஒன்றும் இல்லை. இறால் முழுவதும் மண்ணில். வண்டி பட்டறைக்குப் போனதாலும் தடைக்காலம் நெருங்கியதாலும் ஸ்டாண்டில் பேசி முடிவெடுப்பது தள்ளிப்போனது.

பேச உட்கார்ந்த அன்று நானும் போயிருந்தேன். புதுக்கோட்டையிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்த இடத்தில், போகிற போக்கில் எட்டிப் பார்த்ததுதான். ஸ்டாண்டுத் தலைவர் ஐஸ் பிளான்ட்டுக்கு எதிரே இருக்கும் பாய். தானே முப்பது வருடம் வண்டி ஓட்டியவர், இப்போது முதல் வண்டியை மகன் ஓட்டுகிறார். அண்ணிக்கு எதிராகப் பேசியவர் நாலாவது வண்டிக்காரர். அண்ணி இறங்கினால் மூன்றாவது இடம் அவருக்கு வரும். அதை அவர் மறைக்கவும் இல்லை.

"பின்டயர் வழுக்கிருச்சு பாய்" என்றார் அண்ணி. "வேகமெல்லாம் இல்ல. பிரேக்க மிதிச்சதும் பின்பக்கம் தனியாக் கெளம்பிருச்சு."

"தனியாக் கெளம்பி எங்கக்கா போச்சு, அறந்தாங்கிக்கா?" என்றார் நாலாவது வண்டிக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். "போயிருந்தா நல்லாருந்திருக்கும். லோடாச்சும் போய்ச் சேந்திருக்கும்."

நாலாவது வண்டிக்காரர் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அண்ணி அந்தப் பின்டயர்களை மாற்றிய நாளில் எடுத்தது. புது டயரில் ஒட்டியிருந்த நட்சத்திர முத்திரை படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

"இந்தா பாருங்க பாய். ஸ்டாரு. நம்ம வீட்டு பிரிட்ஜுல ஒட்டிருக்குல்ல, அதே ஸ்டாரு. கவர்மெண்ட்டு குடுத்தது. அந்த டயரத்தான் அக்கா வழுக்குதுங்கிறாங்க. அப்ப கவர்மெண்ட்டு பொய் சொல்லுதா?"

"கவர்மெண்ட்ட நான் ஏன் இழுக்குறேன்? நான் டயரச் சொல்றேன்."

"டயருக்குத்தானக்கா ஸ்டாரு. ஒங்களுக்கும் எனக்குமா குடுத்துருக்கான்?"

அரசு முத்திரை ஒரு சாட்சியாக வந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணியிடம் அதற்கு எதிர்ச் சாட்சி ஒன்றும் இல்லை. பாய் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பேப்பர்ல இருந்தவரு. அந்த ஸ்டாரு எதுக்குக் குடுக்குறது, யாரு பாத்துக் குடுக்குறதுன்னு வெசாரிச்சுச் சொல்லுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

வெளியே வந்ததும் அண்ணி சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "என்ன போட்டிருக்கோ அப்படியே சொல்லுங்க தம்பி. எனக்காக ஒண்ணும் கூட்டிக் கொறைக்க வேணாம். அவங்க எல்லாம் கேட்டுக்கிட்டு இருப்பாங்க."

பத்திரிகையின் செய்தி மேசையில் நான் பல வருடம் செய்த வேலை, பிறர் எழுதியதில் "இது எப்படித் தெரியும்" என்று கேட்பது. அதே கேள்வியோடு முத்திரையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான். நட்சத்திரம் எரிபொருள் மிச்சத்துக்கானது. உருளும்போது டயர் வண்டியை எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் இயந்திர உருளை மேல் ஓட்டி அளக்கிறார்கள். இழுப்பு குறைந்தால் நட்சத்திரம் கூடும். ஈர ரோட்டில் பிடிப்பு என்பது தனிச் சோதனை. அதில் குறைந்தபட்ச அளவு ஒன்று உண்டு, அதைத் தாண்டினால் தேர்ச்சி. எவ்வளவு தாண்டியது என்பது நட்சத்திரத்தில் வராது. சோதிப்பது புது டயரை. ரோடு நேரானது. தண்ணீர் சுத்தமானது.

அடுத்து, அரசு சாராதவர்கள் செய்த சோதனைகளைத் தேடினேன். வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகள் டயர்களை வரிசைப்படுத்தி வெளியிடுகின்றன. முறை நன்றாக இருக்கிறது: ஒரே கார், ஒரே ஓட்டுநர், நடுநடுவே முதல் டயரையே திரும்ப மாட்டி ரோடு மாறிவிட்டதா என்று பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் ஓட்டியது கார், அவர்கள் ஊர் ரோடு, அங்கே விற்கும் டயர். தமிழில் வீடியோ போடும் ஒருவர் அண்ணியின் டயரையே ஒரு லோடு வண்டியில் மாட்டி, மழையில் பிரேக் அடித்துக் காட்டியிருந்தார். "சூப்பர்" என்றார். டயரைக் கம்பெனி கொடுத்ததா, அவர் வாங்கினாரா என்று சொல்லவில்லை. ஒரே ஒரு தடவைதான் பிரேக் அடித்தார்.

இதையெல்லாம் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். ஸ்டார் பிடிப்புக்கு இல்லை என்றதும் அண்ணிக்குச் சாதகமாக ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிடிப்புச் சோதனையிலும் அந்த டயர் தேர்ச்சிதான் என்றதும் அடங்கியது. வீடியோக்காரரும் நல்லது என்கிறார் என்றதும் நாலாவது வண்டிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொருத்தனும் சொல்லிட்டான் பாய்."

"நீங்க சொல்ற இந்த டெஸ்ட்டெல்லாம் மீன் ஏத்தியா பாத்தாங்க?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"ஆமா, வஞ்சிரம் ஏத்திப் பாத்தாங்க. டெஸ்ட்டு முடிஞ்சதும் வறுத்துத் தின்னாங்க" என்றார் நாலாவது வண்டிக்காரர்.

கடையே சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"பாய், நம்மளே பாத்துருவோம்."

அப்படித்தான் அந்தச் சோதனை வந்தது. நான் வியந்தது அதை அவர் அமைத்த விதத்தை. கார் பத்திரிகைகளின் முறையை நான் சொன்னபோது ஒரு தடவை கேட்டிருந்தார், அவ்வளவுதான். சோதனையில் தான் ஸ்டியரிங்கைத் தொடப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வண்டி அவருடையது; ஓட்டுபவர் நாலாவது வண்டிக்காரர்.

"என்னையா ஓட்டச் சொல்றீங்க? நான் வேணும்னே நல்லா ஓட்டுவேங்க்கா."

"நல்லாத்தான் ஓட்டணும். நீங்க ஓட்டியும் வழுக்குனா அப்புறம் யாரும் என்னையச் சொல்ல மாட்டாங்க."

ஒப்பிடுவதற்கு அவருடைய பின்டயர் ஜோடி ஒன்று, நாலாவது வண்டிக்காரர் தன் வண்டியிலிருந்து கழற்றித் தந்த நட்சத்திரம் இல்லாத ஜோடி ஒன்று. இரண்டிலும் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் கட்டங்கள், ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று ஒரு ரூபாய்க் காசைச் செருகிப் பார்த்தார்கள். எந்த ஜோடி மாட்டியிருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியக் கூடாது, அதற்குத்தான் சுண்ணாம்பு. மாட்டி முடிக்கும்வரை அவர் டீக்கடையில் இருக்க வேண்டும், கூப்பிட்ட பிறகு முன்பக்கமாக வந்து ஏற வேண்டும். காற்றை பாய் அளந்து பார்த்தார். ஏலக் கொட்டகைக்குப் பின்னால் சிமென்ட் ரோடு நேராக ஓடி, கடைசியில் ஐஸ் பிளான்ட் பக்கம் வலப்புறமாக வளைகிறது. பிரேக் மிதிக்க வேண்டிய இடத்தில் வலை மிதவை ஒன்றை வைத்தார்கள்.

வண்டி நிற்கும் தூரத்தை அளக்க என்னிடம் டேப் இருந்தது. யாரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அங்கே நீளம் என்றால் பாகம்தான். இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை ஒரு பாகம். கடலின் ஆழமும் கயிற்றின் நீளமும் அந்தக் கணக்கில்தான்.

"யாரு கையி?" என்றார் நாலாவது வண்டிக்காரர். "அக்கா கைய வெச்சு அளந்தா பாகம் கூட வரும்."

"ஒங்க கைய வெச்சு அளந்தா நாக்கும் சேந்து வரும்" என்றார் அண்ணி.

கடைசியில் பாய் கையை விரித்து ஒரு கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டார்கள். அந்தக் கயிறே எல்லா ஓட்டத்துக்கும்.

வண்டியில் ஐஸ் பெட்டிகளை வழக்கமான எடைக்கு அடுக்கி, பைப்பைப் பிடித்து ரோட்டை நனைத்தார்கள். முதல் ஜோடி. வண்டி வந்தது, மிதவைக்கு நேரே பிரேக், நின்றது. கயிற்றைப் போட்டுப் பார்த்தார்கள். திரும்பவும் ஓட்டினார்கள். டயரை மாற்றினார்கள், டீக்கடையிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள், மறுபடி. பிறகு முதல் ஜோடியே இன்னொரு தரம். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தது. இரண்டு ஜோடிக்கும் வித்தியாசம் ஒரு பாகம்கூட வரவில்லை. ஒரு தடவை இது கொஞ்சம் முன்னால் நின்றது, ஒரு தடவை அது. சுண்ணாம்பைத் துடைத்துப் பார்த்தபோது நட்சத்திர டயர் மற்றதைவிட மோசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அரசுச் சோதனை சொன்னது சரி. வீடியோக்காரர் சொன்னதும் சரி. அண்ணியின் முகத்தை யாரும் நேராகப் பார்க்கவில்லை.

"அப்ப டயர் மேல தப்பில்ல" என்று நாலாவது வண்டிக்காரர் தொடங்கி, அதற்கு மேல் சொல்லாமல் சாவியை பாயிடம் நீட்டினார். மூன்றாவது இடம் ஏறக்குறைய அவர் கைக்கு வந்துவிட்டது. அவர் அதற்காக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

பாய் சாவியை வாங்கினார். அண்ணி அப்போது ரோட்டின் வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு நேர் ரோட்டுல வழுக்கலையே பாய். வளைவுலதான வழுக்குச்சு."

"வளைவுல மிதிச்சு வண்டி சாஞ்சா?"

"மெதுவாப் போகட்டும். வழுக்குறதா இருந்தா மெதுவாப் போனாலும் தெரியும். பெட்டியில வெறும் ஐஸ் வேணாம். நாட்டுப்படகு மீன் வந்துருக்கு. அத ஏத்தி ஒரு மணி நேரம் ஒழுக விடுங்க. நான் போனது அப்படித்தான்."

டீக்கடையில் எல்லோரும் சிரித்த, மீன் ஏற்றிப் பார்த்தார்களா என்ற கேள்வி இதுதான். இப்போது யாரும் சிரிக்கவில்லை. நாட்டுப்படகு மீனும் கொஞ்சம் இறாலும் ஐஸோடு ஏற்றினார்கள். காத்திருந்தார்கள். மீன் லோடிலிருந்து வரும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஐஸ் கரைந்த நீரோடு மீனின் கொழகொழப்பும் சேர்ந்து விரலில் சோப்புப் போல நிற்கும். வளைவையும் பைப்பால் நனைத்து, அதன் வெளிப்பக்கம் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். நட்சத்திர ஜோடியை மாட்டினார்கள். நாலாவது வண்டிக்காரர் ஏறினார்.

வண்டி வேகமே இல்லாமல் வளைவுக்குள் போனது. பிரேக் விளக்கு எரிந்தது. பின்பக்கம் இடது புறமாக நழுவி மணல் மூட்டையில் போய் மெத்தென்று இடித்து நின்றது.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல. பின்பக்கம் தனியாக் கெளம்பிருச்சு."

கொட்டகை அதிரச் சிரித்தார்கள். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா போச்சு, அறந்தாங்கிக்கா?"

பேச்சு உடனே அண்ணியின் பக்கம் சாய்ந்தது. டயர்தான், சந்தேகமே இல்லை, ஸ்டாரு கீரு எல்லாம் பேப்பரோடு சரி, ஒட்டி விற்கிறான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருவர் அந்த முத்திரை போட்டவர்களைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. பாய் கையை உயர்த்தினார். "சரி, வண்டிப் பழுதுதான். மூணாவது எடம் அப்படியே..."

"இருங்க பாய்" என்றார் அண்ணி. "அந்த ஜோடிய இன்னும் மாட்டிப் பாக்கலையே."

அங்கே நின்றவர்களில் அதைக் கேட்க வேண்டிய தேவை இல்லாத ஒரே ஆள் அவர்தான். அவருக்கு வேண்டியது கையில் வந்திருந்தது. நேர் ரோட்டில் இரண்டு ஜோடியையும் ஓட்டியவர்கள், வளைவில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளப் பார்த்தார்கள். நானும் அதைக் கவனிக்கவில்லை.

"எதுக்குக்கா? தெரிஞ்சுபோச்சுல்ல?" என்றார் நாலாவது வண்டிக்காரர். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"ஒங்க டயரும் வழுக்குச்சுன்னா?"

மாட்டினார்கள். நட்சத்திரம் இல்லாத அந்த டயரும் அதே வளைவில், அதே மூட்டையில், அதே இடது பக்கமாகப் போய் இடித்தது.

அண்ணி இடது பின்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தார். டயரின் மேல் கையை வழித்து, முகர்ந்து பார்த்தார். வலது சக்கரத்துக்குப் போய் அதையும் வழித்தார். திரும்பி வந்து இரண்டு உள்ளங்கைகளையும் பாயிடம் காட்டினார்.

"இந்தக் கையில தண்ணி. இந்தக் கையில மீன் தண்ணி."

பிறகு வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். பாடித் தளத்தின் இடது ஓரத்தில், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், ஒரு ஓட்டை. ஐஸ் கரைந்த நீர் வெளியேறுவதற்காகப் போட்டது. எல்லா மீன் வண்டியிலும் இப்படி ஒன்று இருக்கும். ஆனால் மற்றவர்களின் வண்டியில் அது பின்கதவுக்குக் கீழே, சக்கரத்தைத் தாண்டி இருக்கிறது. அண்ணியின் வண்டி நேராகப் போகும்போது நீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். வலது வளைவில் தளத்தில் தேங்கிய நீர் முழுவதும் இடது ஓரத்துக்கு ஒதுங்கி, அந்த ஓட்டை வழியாகக் கொட்டும். கொட்டுகிற இடத்தில் அடுத்து உருண்டு வருவது இடது பின்டயர்.

அண்ணி ஒரு பழைய துணியைச் சுருட்டி ஓட்டையில் அடைத்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். வண்டி வளைவில் பிரேக் பிடித்து, பிடித்த இடத்தில் நின்றது. டயரை மாற்றி ஓட்டியபோதும் நின்றது.

அரசு முத்திரையை நம்பலாமா, தனியார் சோதனையை நம்பலாமா என்று என்னை இப்போதும் சிலர் கேட்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அளந்தவர்கள் தாங்கள் எதை அளந்தோம் என்று எழுதியே வைத்திருந்தார்கள். ஈரப் பிடிப்புக்கு அவர்கள் தந்த தேர்ச்சி எங்கள் சிமென்ட் ரோட்டிலும் சரியாக வந்தது. வீடியோக்காரர் ஒரே தடவை மிதித்துச் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. மூன்றில் மோசமான தீர்ப்பைச் சொல்ல இருந்தது எங்கள் சொந்தச் சோதனை. அது ஓர் ஓட்டம் முன்னதாக நின்றிருந்தால் ஒரு நல்ல டயரைக் கெட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்போம். அண்ணியின் மூன்றாவது இடமும் அவரிடமே இருந்திருக்கும். அந்த ஓர் ஓட்டத்தைக் கேட்டவர், அதனால் இழக்கப் போகிறவர். செய்தி மேசையில் இருந்த காலத்தில் தனக்கு எதிரான தகவலைத் தானே தேடிப் போய் எடுத்து வந்தவர்கள் என்று நான் நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்.

"ஓட்டை எப்ப இங்கிட்டு வந்துச்சு?" என்று பாய் கேட்டார். "எல்லாருக்கும் பின்னாலதான இருக்கு?"

"நான்தான் மாத்தச் சொன்னேன் பாய். அந்தப் பங்குனி மழைக்குக் கொஞ்சம் முன்னாடிதான்."

காரணத்தைச் சொல்ல அவர் தயங்கியதாகத் தெரிந்தது. அறந்தாங்கியில் ஒரு நாள், பின்னால் ஸ்கூட்டியில் வந்த ஒரு நர்ஸ் வழிமறித்து நிறுத்தினாராம். வெள்ளைச் சேலை முழுக்க மீன் தண்ணீர். திட்டவில்லையாம், "டூட்டிக்குப் போறேன்க்கா, இப்படியே எப்படிப் போறது" என்று மட்டும் கேட்டாராம். அந்த வாரமே பட்டறையில் பின் ஓட்டையை அடைத்துவிட்டு, தண்ணீர் யார் மேலும் படாமல் வண்டிக்கு அடியிலேயே விழட்டும் என்று முன்னால் போடச் சொல்லியிருக்கிறார்.

"அப்ப அது பட்டறைக்காரன் தப்பு" என்றார் நாலாவது வண்டிக்காரர். இப்போது அவர் அண்ணிக்காக வாதாடுகிறார் என்பது எங்களுக்கே உடனே பிடிபடவில்லை. "சக்கரத்துக்கு முன்னாடி ஓட்டை போடலாமான்னு அவனுக்குத் தெரிய வேணாமா? அது வண்டிப் பழுதுதான் பாய். எழுதிக்கங்க."

"எங்க எழுதுறது? நம்மகிட்ட நோட்டு இருக்கா?" என்றார் பாய்.

"மனசுல எழுதிக்கங்க."

"பட்டறைக்காரரு என்ன செய்வாரு?" என்றார் அண்ணி. "எடத்தக் காட்டுனது நான். சாக்பீஸ்ல வட்டம் போட்டுக் குடுத்தது நான். டயர் வழுக்குச்சுன்னு சொன்னதும் நான். பழுதுன்னா தானா வரணும். இது நானா செஞ்சது."

"அக்கா, பேசாம இருங்கக்கா. ஒங்களுக்காகத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்."

"பேசுங்க. நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா நாளைக்கு இன்னொருத்தர் வண்டியில எதையாச்சும் மாத்தி, கவுத்துப்புட்டு, பழுதுன்னு வந்து நின்னா என்ன சொல்வீங்க?"

பாய் வெகு நேரம் கயிற்று முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் தீர்ப்புச் சொல்லத் தயங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அண்ணன் அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருந்தார். வலை பின்னிக்கொண்டிருந்தவர், கையில் ஊசியோடு வந்து ஓரமாக நின்றார். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ரோட்டில் கிடந்த மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரத்தில் வைக்கத் தொடங்கினார்.

"விதின்னா விதிதாம்மா" என்றார் பாய் கடைசியாக. குரல் தாழ்ந்திருந்தது. "ஆனா ஒண்ணு. இந்தப் பத்து வண்டியும் பின்னாலதான ரோட்டுல ஊத்திக்கிட்டுப் போகுது. அது யாரு மேல தெறிக்குதுன்னு இவ்வளவு நாளா ஒருத்தனுக்கும் தோணலையே." அவர் மற்றவர்களைப் பார்த்தார். "எல்லாரும் ஓட்டைக்கு ஒரு ஓஸ் பைப்ப மாட்டி, அடியில கேன் கட்டிருங்க. கேன் இல்லாம வர்ற வண்டி வரிசையில நிக்கக் கூடாது."

"கேன் ரொம்பி வழிஞ்சா?" என்று ஒருவர் கேட்டார்.

"எறங்கி ஊத்திட்டுப் போ. ஒனக்கென்ன, கலெக்டரு காத்துக்கிட்டு இருக்காரா?"

அண்ணி சுண்ணாம்புச் சட்டியைக் கழுவ ஐஸ் பிளான்ட் குழாய்க்குப் போனார். நாலாவது வண்டிக்காரர் தன் டயர்களை உருட்டிக்கொண்டே பின்னால் போய், மூன்றாவது இடத்தில் நிற்க எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது அக்கா என்றார். நின்றுதான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அங்கே நடுவில் ஒரு பள்ளம் விழும் என்று அண்ணி பதில் சொன்னார். அதற்கு அவர் சிரித்தது எனக்குக் கேட்டது.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் முதல் முறை திரும்பிய அன்று நான் கோட்டைப்பட்டினத்தில் இருந்தேன். ஏலம் தொடங்குவதற்கு முன்பே வண்டிகள் வந்து நின்றுவிட்டன. எல்லாவற்றுக்கும் அடியில் கேன் தொங்கியது. அண்ணியின் வண்டியில் பின்சக்கரங்களில் இருந்தது அதே நட்சத்திர ஜோடிதான்.

அவர் பதினோராவதாக நின்றார். ஏற்றியது காரப்பொடி.